பார்க்காதே என்றோம், எழுதத் தவறினோம்!

 

சிதம்பரத்தில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸ். திருவதிகையிலிருந்து கிளம்பி பண்ருட்டியில் ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் ஒரு தாயும் ஐந்தாறு வயதுச் சிறுவனும். சிறுவன் என் தாடியைப் பார்த்தான். தொப்பியைப் பார்த்தான். பிறகு தாயின் முந்தானையை இழுத்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, பெட்டி முழுவதும் கேட்கும்படிக் கேட்டான்: "அம்மா, இவருதான் குண்டு வைக்கிறவரா?"

அந்தச் சகோதரி பதறிப் போனார். "மன்னிச்சிடுங்க ஐயா, டிவியில படம் பாத்துப் பாத்து இப்படிப் பேசுறான்" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. பையிலிருந்த முந்திரிப் பருப்பை எடுத்துச் சிறுவனிடம் நீட்டினேன். முதலில் தயங்கினான், பிறகு வாங்கிக்கொண்டான். கடலூர் வருவதற்குள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஜன்னல் வழியே கெடிலம் ஆற்றைக் காட்டச் சொன்னான்.

அந்தத் தாயின் மீது எனக்குக் கோபமில்லை. சிறுவன் மீதும் இல்லை. ஆனால் அன்றிரவு தூக்கமும் இல்லை. நான் அந்தச் சிறுவனைச் சந்திப்பதற்கு முன்பே ஏதோ ஒரு திரைப்படம் அவனைச் சந்தித்துவிட்டது. நான் யார் என்று என்னைக் கேட்காமலேயே அவனுக்குச் சொல்லிவிட்டது. இது எப்படி நடந்தது?

"சினிமா பார்க்காதே!" என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மிம்பரில் நின்று சொல்லி வருபவன் நான். திரையில் வழியும் ஆபாசத்தையும் குடிக்கூத்தையும் இன்றும் கண்டிக்கிறேன். நாளையும் கண்டிப்பேன். ஆனால் 'பார்க்காதே' என்ற ஒற்றைச் சொல்லோடு என் கடமை முடிந்துவிட்டதாக நினைத்தேனே, அது தவறு. நாம் பார்க்காவிட்டால் திரை அணைந்துவிடாது. நம்மைப் பற்றி ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். நாம் மட்டும் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் இருப்போம்.

எனவே இந்த இதழில், இந்த மண்ணின் சினிமா இந்த மண்ணின் அரசியலோடு எப்படி வளர்ந்தது என்ற வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன். பொழுதுபோக்குக்காக அல்ல, பாடம் படிப்பதற்காக!

வெள்ளையன் முதலில் புரிந்துகொண்டான்

1905-ல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். அதன் பின் சில ஆண்டுகளில் சென்னையில் நடராஜ முதலியார் 'கீசக வதம்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். தென்னாட்டின் முதல் கதைப்படம் அது. நம் கெடிலக்கரை கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்தாக ஆடும் அதே பாரதக் கதைதான், இப்போது திரையில் ஆடியது.

கூத்துக்கும் கோயிலுக்கும் யார் எங்கே உட்காரலாம் என்ற கட்டுப்பாடு இருந்த காலம். டூரிங் டாக்கீஸில் காசு கொடுத்தவன் எல்லாம் ஒரே மணலில் உட்கார்ந்தான். தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் கூடிய முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்று ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதினார். கூட்டம் கூடுமிடத்தில் அரசியல் வராமல் இருக்குமா?

அதை முதலில் புரிந்துகொண்டவன் வெள்ளையன். 1918-ல் சினிமாட்டோகிராப் சட்டம் கொண்டு வந்தான். 1920-ல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கைக் குழுக்களை அமைத்தான். 1921-ல் 'பக்த விதுரர்' என்ற மௌனப் படம் வந்தது. புராணக் கதைதான். ஆனால் விதுரர் கதர் உடுத்தி, காந்தித் தொப்பி அணிந்து, காந்தியடிகளைப் போலவே திரையில் நடந்தார். சென்னையில் படம் தடை செய்யப்பட்டது. வாயே திறக்காத படம்! உடையே அரசியல் பேசும் என்று அன்றைய ஆட்சி அறிந்திருந்தது. தொப்பியும் தாடியும் திரையில் என்ன பேசுகின்றன என்று நாம் நூறு ஆண்டுகள் கழித்தும் யோசிக்கத் தயங்குகிறோம்.

1931-ல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தது. சமஸ்கிருதக் கவியின் கதையைச் சொன்ன அந்தப் படத்திலும் ராட்டையைப் புகழும் பாட்டு புகுத்தப்பட்டது. கதைக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. நாட்டுக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இருந்தது!

1937-ல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. தணிக்கைக் கத்தரி தளர்ந்தது. 1939-ல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில், கல்கியின் கதையில் 'தியாகபூமி' வெளிவந்தது. அதே ஆண்டு காங்கிரஸ் மந்திரிசபை பதவி விலகியது. பின்னர் 'தியாகபூமி' தடை செய்யப்பட்டது. படம் மாறவில்லை, நாற்காலியில் இருந்தவர் மாறினார். உலகப் போர் மூண்டதும் கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு. படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. படத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டுமல்ல, படம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதையும் அரசியலே அளந்து கொடுத்தது.

பேனாவால் பிடித்த கோட்டை

காங்கிரஸில் தீரர் சத்தியமூர்த்தி ஒருவர்தான் நாடக, திரைக் கலைஞர்களின் பலத்தை உணர்ந்து அவர்களை மேடைக்கு அழைத்தார். கே.பி. சுந்தராம்பாள் பாடி வாக்குக் கேட்டார். ஆனால் ராஜாஜி போன்ற பெருந்தலைவர்களுக்குத் திரையுலகம் என்றாலே ஆகாது. பெரியாரும் சினிமாவைக் கடுமையாகச் சாடியவர். மக்களைக் கெடுக்கும் சாதனம் என்று அவர்கள் ஒதுக்கியதை, அண்ணாதுரை கையில் எடுத்தார்.

எப்படி எடுத்தார்? கொட்டகை வாசலில் கொடி பிடிக்கவில்லை. பேனாவை எடுத்தார்! 1949-ல் 'நல்லதம்பி', 'வேலைக்காரி' என்ற இரண்டு படங்கள் அவர் எழுத்தில் வந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 17-ல் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. 1952 தீபாவளிக்குக் கருணாநிதியின் வசனத்தில் 'பராசக்தி' வந்தது. யுத்தக் காலத்தில் ரங்கூனில் சிதறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. நம் பாட்டனார்களில் எத்தனை பேர் ரங்கூனில் கடை வைத்திருந்து, ஜப்பான்காரனின் குண்டு விழுந்தபோது வெறுங்கையோடு திரும்பியவர்கள்! அந்தத் துயரத்தை மேடையாக்கிக் கழகத்தின் கொள்கையை ஒரு புதுமுக நடிகரின் வாயால் பேச வைத்தார் கருணாநிதி. படத்தைத் தடை செய்யக் கோரிக்கைகள் எழுந்தன. தடை வரவில்லை. கொட்டகையில் கேட்ட வசனத்தை இளைஞர்கள் தெருவில் மனப்பாடமாக ஒப்பித்தார்கள்.

1958-ல் எம்.ஜி.ஆர். தானே தயாரித்து, இயக்கி, நடித்து 'நாடோடி மன்னன்' எடுத்தார். அவரது பட நிறுவனத்தின் சின்னமே ஆணும் பெண்ணும் கழகக் கொடி ஏந்தி நிற்பதுதான். படத்தில் கதாநாயகன் ஆட்சிக்கு வந்து ஏழைகளுக்காகச் சட்டம் போடுகிறான். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1977-ல், அதே மனிதர் கோட்டையில் முதலமைச்சராக உட்கார்ந்தார்.

சகோதரர்களே, இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். 'நாடோடி மன்னன்' படத்துக்குக் கண்ணதாசனோடு சேர்ந்து வசனம் எழுதியவர் ரவீந்தர். யார் இந்த ரவீந்தர்? நாகூர்க்காரர். இயற்பெயர் காஜா மொகைதீன்! அதே காலத்தில் கவிஞர் கா.மு. ஷெரீப் திரைப்பாடல்கள் எழுதிக்கொண்டு, ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்திலும் உழைத்தார். நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரல் இல்லாமல் கழகக் கூட்டம் தொடங்காது என்ற நிலை இருந்தது. 1967 தேர்தலில் காயிதே மில்லத் அவர்களின் முஸ்லிம் லீக்கும் அண்ணாவின் கூட்டணியில் நின்றது. சுடப்பட்டுக் கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் படுத்திருந்த எம்.ஜி.ஆரின் படம் சுவரெங்கும் ஒட்டப்பட்ட தேர்தல் அது.

ஆக, நாம் வெளியே நின்றிருக்கவில்லை. அன்று அந்த அரங்கத்துக்குள் நமக்கும் பேனா இருந்தது, குரல் இருந்தது. அதன் பலனையும் திரையில் பார்க்கலாம். 1960-ல் வந்த 'ராஜா தேசிங்கு' படத்தில் செஞ்சி மன்னனின் உயிர்த் தோழன் ஒரு முஸ்லிம் வீரன். 1961-ல் 'பாவமன்னிப்பு' படத்தில் சிவாஜி ரஹீம் என்ற நல்ல மனிதராக வந்தார். 1974-ல் 'சிரித்து வாழ வேண்டும்' படத்தில் எம்.ஜி.ஆர். அப்துல் ரகுமானாக நடித்தார்.

அதற்காக எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். 'குலேபகாவலி', 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'பாக்தாத் திருடன்' என்று கற்பனை பாக்தாத்தின் முஸ்லிம் திரைக்கு வந்தான். பரங்கிப்பேட்டை முஸ்லிம் வரவில்லை. மண்டியில் பலாப்பழம் ஏலம் எடுக்கும் பண்ருட்டி பாய் வரவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தமிழே தாய்மொழியாகக் கொண்ட நம்மை, திரையில் உடைந்த தமிழ் பேசும் பட்டாணியாகக் காட்டிச் சிரித்தார்கள். நாமும் சேர்ந்து சிரித்தோம். யாரும் எழுதி மறுக்கவில்லை.

இரண்டு 'உன்னைப்போல் ஒருவன்'

நம் மாவட்டத்தின் கதைக்கு வருகிறேன். 1965 ஜனவரி 27 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிதம்பரத்தில் ஊர்வலம் சென்ற அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ராசேந்திரன் என்ற மாணவர் உயிரிழந்தார். மேடையிலும் ஏட்டிலும் திரையிலும் தமிழ் வசனம் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் தமிழகத்தில் காங்கிரஸ் ஆட்சி முடிந்தது. அதன்பின் அக்கட்சி இம்மாநிலத்தில் ஆட்சி அமைக்கவே இல்லை.

அதே 1965-ல் கடலூர் மண்ணில் பிறந்த ஜெயகாந்தன், தன் கதையைத் தானே இயக்கி 'உன்னைப்போல் ஒருவன்' என்ற படத்தை வெளியிட்டார். பெரிய நட்சத்திரம் கிடையாது. ஆட்டம் பாட்டம் கிடையாது. சேரியில் வாழும் ஏழைத் தாயும் மகனும்தான் கதை. தேசிய அளவில் பாராட்டு கிடைத்தது. கொட்டகைகளில் கூட்டம் கிடைக்கவில்லை. ஏழையும் உன்னைப்போல் ஒரு மனிதன்தான் என்பது அந்தத் தலைப்பின் பொருள்.

2009-ல் அதே தலைப்பில் இன்னொரு படம் வந்தது. இந்திப் படம் ஒன்றின் தழுவல். சிறையிலிருக்கும் தீவிரவாதிகளை ஒரு சாமானியன் திட்டமிட்டு ஒழித்துக்கட்டும் கதை. அதில் 'உன்னைப்போல் ஒருவன்' யார்? பொறுமையிழந்து தீர்ப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டவன்! ஒரே தலைப்பு, நடுவே நாற்பத்து நான்கு ஆண்டுகள். இந்த நாட்டின் அரசியல் எங்கிருந்து எங்கே வந்து நின்றது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

எதிரி மாறிய கதை

திராவிட இயக்கப் படங்களில் வில்லன் யார்? ஜமீன்தார், வட்டிக்காரன், போலிச் சாமியார், கொடுங்கோல் மந்திரி. அன்றைய அரசியல் யாரை எதிர்த்ததோ அவனே திரையிலும் வில்லன். கட்சிகள் ஆட்சிக்கு வந்து நிலைபெற்ற பிறகு அந்த வில்லனுக்கு வேலையில்லாமல் போயிற்று. திரைக்குப் புது எதிரி தேவைப்பட்டான்.

1992 ஆகஸ்டில் 'ரோஜா' வந்தது. காஷ்மீரில் கடத்தப்பட்ட தமிழ் இளைஞனின் கதை. எரியும் தேசியக் கொடியின் மீது பாய்ந்து அவன் தீயை அணைக்கிறான். ஒரு பக்கம் கொடிக்கு உயிரைக் கொடுப்பவன். மறு பக்கம் தொழுகையாளி. இரண்டையும் ஒரே காட்சியில் எதிரெதிரே நிறுத்திவிட்டார்கள்! அந்த ஆண்டு டிசம்பர் 6-ல் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. ஒன்றால் மற்றொன்று நடந்தது என்று நான் கூற மாட்டேன், அது நேர்மையல்ல. ஆனால் இரண்டும் ஒரே காற்றில் நடந்தவை. 1995-ல் பம்பாய்க் கலவரத்தை வைத்து 'பம்பாய்' வந்தது.

இதில் வியாபாரம் எங்கே இருக்கிறது என்று வணிகச் சகோதரர்கள் உடனே புரிந்துகொள்வீர்கள். 'ரோஜா' இந்தியிலும் பேசி நாடெங்கும் ஓடியது. தமிழ்ப் படத்துக்கு அகில இந்தியச் சந்தை திறந்தது. தஞ்சாவூர் ஜமீன்தார் வில்லனாக இருந்தால் தமிழ்நாட்டில் மட்டும் விலை போகும். எல்லை தாண்டி வரும் தீவிரவாதி வில்லன் என்றால் டில்லி வரை விலை போகும். வெறுப்பு மட்டும் காரணமல்ல, சகோதரர்களே, கணக்கும் காரணம். 1998 கோவை குண்டுவெடிப்புக்கும் 1999 கார்கில் போருக்கும் பிறகு அந்தச் சரக்குக்குக் கிராக்கி இன்னும் ஏறியது. கோவையில் அதற்கு முந்தைய ஆண்டு முஸ்லிம்கள் கொல்லப்பட்ட கலவரம் மட்டும் எந்தப் பெரிய நடிகருக்கும் கதையாகத் தோன்றவில்லை.

தீவிரவாதிகளைத் துரத்தும் வேடங்களில் புகழ்பெற்ற விஜயகாந்த் 2005-ல் கட்சி தொடங்கினார். 2006-ல் எங்கே வென்றார்? நம் மாவட்டத்தின் விருத்தாசலத்தில்! பழகுவதற்கு நல்ல மனிதர், முஸ்லிம்களோடு நோன்பு திறந்தவர் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. மனிதர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் நடித்த பாத்திரம் நம் வாசல் வரை வந்து விட்டுச் சென்றது என்ன என்பதே கேள்வி.

ஒரு காலண்டரும் பல தொப்பிகளும்

2021-ல் 'ஜெய்பீம்' வந்தது. 1993-ல் இதே மாவட்டத்தின் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ஒரு ஏழைப் பழங்குடி மனிதர் அடித்துக் கொல்லப்பட்ட உண்மைச் சம்பவம் அது. வழக்கறிஞர் சந்துரு நீதிமன்றத்தில் வாதாடி நீதி பெற்றுத் தந்தார். படத்தில் கொடுமை செய்யும் காவல் அதிகாரியின் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதிலிருந்த அக்னி குண்டம் எங்கள் சமுதாயச் சின்னம் என்று வன்னியர் தரப்பு எதிர்த்தது. சில நாட்களில் அந்தக் காலண்டர் மாற்றப்பட்டது.

அவர்கள் பேசிய முறையெல்லாம் சரியென்று நான் ஏற்கவில்லை. கதாநாயகனை மிரட்டியது தவறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுவரில் தொங்கிய ஒரு காலண்டர் என்ன பேசுகிறது என்று படிக்கத் தெரிந்திருந்தது அவர்களுக்கு!

நாம் என்ன செய்தோம்? 2012-ல் 'துப்பாக்கி' வந்த பிறகு போராடினோம். சில காட்சிகள் நீக்கப்பட்டன. 2013-ல் 'விஸ்வரூபம்' படத்தை எதிர்த்து 24 அமைப்புகள் ஒன்று சேர்ந்தன. மாவட்ட ஆட்சியர்கள் 144 தடையுத்தரவு போட்டனர். பேச்சுவார்த்தைக்குப் பின் சில இடங்களில் ஒலி நீக்கப்பட்டு, பிப்ரவரி 7-ல் படம் வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. நம் வேதனை நியாயமானது. ஆனால் கடைசியில் நாட்டு மக்கள் மனதில் பதிந்தது என்ன? 'ஒரு கலைஞனை முஸ்லிம்கள் முடக்கப் பார்த்தார்கள்' என்பது மட்டுமே. நம் வாதம் என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வாதத்தை நாம் எழுதி வைக்கவே இல்லை!

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கே.ஏ. அப்பாஸ் என்ற படைப்பாளி தணிக்கையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1970-ல் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தலைமையிலான அமர்வு, தணிக்கை செல்லும், ஆனால் அதற்குத் தெளிவான நெறிமுறை வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1989-ல் இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில், போராட்டம் நடக்கும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை நசுக்க முடியாது என்று அதே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே 'ஊர் கொதிக்கும்' என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காது. ஆனால் 1991 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட தணிக்கை நெறிமுறைகளில், மதப் பிரிவினரை இழிவுபடுத்தும் காட்சியோ சொல்லோ கூடாது என்று இருக்கிறது. அதைக் காட்டி, எந்தக் காட்சி, எந்த வசனம், ஏன் தவறு என்று எழுதிக் கேட்டால் அது வாதம். நம்மில் எத்தனை பேர் அந்த நெறிமுறையைப் படித்திருக்கிறோம்?

உலகம் சொல்லும் பாடம்

ஈரானைப் பாருங்கள். 1978 ஆகஸ்டில் அபாதான் நகரின் ரெக்ஸ் திரையரங்கு தீவைக்கப்பட்டு நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஷாவின் ஆட்சி சரிவதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. 1979 பிப்ரவரியில் நாடு திரும்பிய கொமைனி தன் முதல் உரையிலேயே, தாம் சினிமாவுக்கு எதிரியல்ல, அதைத் தவறாகப் பயன்படுத்துவதற்கே எதிரி என்று அறிவித்தார். உலமாக்கள் ஆட்சிக்கு வந்த நாட்டிலும் திரையை ஒதுக்க முடியவில்லை. 1983-ல் ஃபாராபி சினிமா நிறுவனத்தை அமைத்தார்கள். 1997-ல் கியாரோஸ்தமியின் படம் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்றது. அதே அரசு ஜாஃபர் பனாஹி என்ற இயக்குநருக்கு 2010-ல் இருபது ஆண்டுகள் படமெடுக்கத் தடை விதித்தது. அவரோ எடுத்துக்கொண்டே இருந்தார். 2025-ல் அதே விருதை வென்றார். ஆட்சி எதுவானாலும் திரையைப் பூட்டி வைக்க முடியாது என்பதற்கு அது சான்று.

அல்ஜீரியா 1962-ல் விடுதலை பெற்றது. நான்கே ஆண்டுகளில் 'அல்ஜியர்ஸ் போர்' என்ற படம் வந்தது. விடுதலைப் போரில் கமாண்டராக இருந்த சஅதி யாசிஃபே அதைத் தயாரித்தார், நடிக்கவும் செய்தார். பிரான்ஸ் 'பயங்கரவாதி' என்று முத்திரை குத்திய மனிதர், தன் கதையைத் தானே சொன்னார். பிரான்ஸ் பல ஆண்டுகள் அதைத் திரையிட விடவில்லை. உலகமோ பார்த்தது.

என்ன செய்யப் போகிறோம்?

இந்த நூற்றாண்டுக் கதையின் சாரம் ஒன்றுதான். திரையை வெறுத்து ஒதுங்கியவர்கள் இந்த மண்ணின் அரசியலில் ஓரத்துக்குப் போனார்கள். திரையை வாய் பிளந்து பார்த்தவர்கள் தொண்டர்களானார்கள். திரைக்கு எழுதியவர்கள் ஆண்டார்கள்! நாம் முதல் வகையும் இரண்டாம் வகையும் ஆனோம். பெரியவர்கள் ஒதுங்கினோம், பிள்ளைகள் ரசிகர் மன்றத்தில் சேர்ந்தார்கள்.

இளைஞனே! உன் பெயரில் ஒரு நடிகனுக்குப் பிளக்ஸ் வைத்துப் பால் ஊற்றுகிறாய். அவன் அடுத்த படத்தில் உன் வாப்பாவின் தாடியை வில்லனுக்கு ஒட்டினால் என்ன செய்வாய்? 2025 செப்டம்பர் 27-ல் கரூரில் ஒரு நடிகரின் அரசியல் கூட்ட நெரிசலில் 41 உயிர்கள் போயின. யார் மீது குற்றம் என்பதை நீதி விசாரணை சொல்லட்டும். இறந்தவர்களில் பிள்ளைகளும் பெண்களும் இருந்தார்கள் என்பது மட்டும் நம் நெஞ்சில் நிற்கட்டும். நட்சத்திரத்தைப் பார்க்க ஓடும் காலை நிறுத்து. பேனாவை எடு. சட்டம் படி, இதழியல் படி, ஒளிப்பதிவு படி, படத்தொகுப்பு படி. ஒரு படம் உன்னை இழிவுபடுத்தினால் கல்லை எடுக்காதே. காட்சியையும் வசனத்தையும் குறித்து, நெறிமுறையைக் காட்டித் தணிக்கை வாரியத்துக்கு எழுது. பத்திரிகைக்கு எழுது. நல்ல படம் வந்தால் பாராட்டியும் எழுது! 2021-ல் 'மாநாடு' படம், முஸ்லிம் இளைஞன் மீது பழி சுமத்தும் அரசியலை வெளிப்படையாகப் பேசி வெற்றி பெற்றது. நம்மில் எத்தனை பேர் அந்த இயக்குநருக்கு ஒரு கடிதம் போட்டோம்?

வணிகப் பெருமக்களே! 2020-ல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் விருது பெற்ற தமிழ்ப் படம் 'நசீர்'. யார் கதை தெரியுமா? கோவையில் ஜவுளிக்கடையில் புடவை மடிக்கும் ஒரு முஸ்லிம் விற்பனையாளரின் ஒரு நாள் வாழ்க்கை. உங்கள் கடையில் நிற்கும் பையனின் கதை! எழுத்தாளர் திலீப்குமாரின் சிறுகதையிலிருந்து அருண் கார்த்திக் என்ற சகோதரர் எடுத்தார். முஸ்லிம் அல்லாத இருவர் நமக்காகச் செய்ததை நாம் செய்தோமா? மருதநாயகம் என்ற யூசுப் கானின் வரலாற்றை 1997-ல் கமல்ஹாசன் படமாகத் தொடங்கினார், பணமில்லாமல் நின்றுபோயிற்று. 'மஹ்மூத் பந்தர்' என்று கடலோடிகள் அழைத்த பரங்கிப்பேட்டையின் கப்பல் வணிகம், 1781-ல் அங்கே ஹைதர் அலி ஆங்கிலேயரோடு நேருக்கு நேர் மோதிய போர் - இவற்றைப் பற்றி அரை மணி நேர ஆவணப்படம் எடுக்க ஒரு கல்யாண விருந்தின் செலவு போதாதா?

ஜமாஅத் நிர்வாகிகளே, என் சக உலமாக்களே! ஹராம் எது, ஹலால் எது என்று சொல்வது நம் கடமை. அதை விட வேண்டாம். அத்தோடு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பெருநாளுக்குப் பள்ளிவாசலுக்கு அழைத்து வந்து காட்டுவதும் நம் கடமை. நம்மை நேரில் அறிந்த பிள்ளையைத் திரை எளிதில் ஏமாற்றாது.

சிதம்பரத்தில் இறங்கும்போது அந்தச் சிறுவன் எனக்குக் கையசைத்தான். "தாத்தா, அடுத்த வாட்டியும் முந்திரி எடுத்துட்டு வாங்க" என்றான். ஒரு கைப்பிடி முந்திரிப் பருப்பு ஒரு படத்தின் வேலையை அழித்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தமிழகத்தின் எல்லா ரயில்களிலும் எல்லாப் பிள்ளைகளின் எதிரிலும் நான் உட்கார முடியாது. எழுதப்பட்ட ஒரு நல்ல கதை உட்காரும்.

எழுதுங்கள், சகோதரர்களே! வல்ல அல்லாஹ் நம் பேனாக்களுக்கு நேர்மையையும் நம் நாவுகளுக்கு நிதானத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.